பச்சை கவுனின் உட்புறம்

செவிலியர் கடையைவிட்டு இறங்கிப் போனது ஒரு வியாழக்கிழமை. காலை பதினொரு மணி இருக்கும். வாசற்படியில் நின்று குடையை விரித்தார். மழை இல்லை என்பது அப்போதுதான் தெரிந்ததுபோல மறுபடி மடக்கினார். பிறகு திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டார். அண்ணி இது எதையும் கவனிக்கவில்லை. அவர் விட்டுப்போன பச்சை கவுனுக்குள் முழங்கைவரை கையை நுழைத்து, உட்புறம் வெளியே வரும்படி மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தார்.

எந்த உடையையும் அண்ணி முதலில் வெளிப்பக்கம் பார்ப்பதில்லை. "வெளிய தெரியறதெல்லாம் ஊருக்காக. அது யாருங்கறது உள்ளதான் இருக்கு" என்பார். ஐம்பது, அறுபது வருடங்களுக்கு முன் பெயர்பெற்ற டிசைனர்கள் வடிவமைத்த உடைகளை வாங்கி, அவற்றின் வயதைக் கண்டுபிடித்து, அலங்கரித்து வைத்து விற்பது அவர் தொழில். சாவி வெட்டும் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவில், ஒரு ஆள் இரண்டு கையையும் நீட்டினால் சுவர் தட்டுகிற அகலத்தில் அவர் கடை. கண்ணாடி ஜன்னல் வடக்குப் பார்த்தது. வெயில் பட்டால் பட்டு வெளுத்துவிடும் என்பதற்காகவே, நல்ல வியாபாரம் நடக்கும் எதிர்வரிசையை விட்டுவிட்டு இதைப் பிடித்தாராம்.

அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, இரண்டே வாரம் என்று சொல்லி அவர்கள் வீட்டுக்கு வந்தேன். மூன்றாவது மாதம் ஓடிக்கொண்டிருந்தது. பிரிக்காத முதுகுப்பை கதவுக்குப் பின்னால் நின்றது. பகலில் வீட்டில் இருக்க முடியாமல் கடைக்குப் போய் உட்கார்வேன். "எதையும் தொடாத. உக்காரு, பாரு, போரடிச்சா போ" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். போரடிக்கவில்லை.

அவருக்கு நாற்பத்து நான்கு வயது. தலையில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி, கழுத்தில் கயிற்றில் தொங்கும் நகைக்கடைக்காரர் உருப்பெருக்கி. கடைக்குள் வந்ததும் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி ஒரு பீங்கான் கோப்பையில் போடுவார். துணிக்கு ஆகாது என்று கையில் கிரீம் பூசமாட்டார், நகத்தைச் சதைவரை வெட்டிக்கொள்வார். டீ குடிக்க வேண்டுமானால் நடைபாதைக்குப் போய்விடுவார், கொட்டுகிற மழையிலும்.

அண்ணன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். வீட்டில் அண்ணியை "தடயவியல் துறை" என்றுதான் கூப்பிடுவான். "நான் சட்டையைக் கழட்டிப் போட்டா போதும். என்னைக்கு எங்க டீ குடிச்சேன், யார்கூட குடிச்சேன்னு ரிப்போர்ட் வந்துடும்."

"யார்கூடன்னு கேட்டேனா? எங்கன்னுதான் கேட்டேன். ஏன் பதறுறீங்க?" என்பார் அண்ணி.

உடை தன் வயதைப் பல வாயால் சொல்லும். துணி ஓரங்கள் பிரியாமல் கையால் சுற்றித் தைத்திருந்தால் ஒரு காலம், மிஷினில் ஓவர்லாக் அடித்திருந்தால் இன்னொரு காலம். துவைக்கும் முறையைச் சொல்லும் குட்டிச் சீட்டு உள்ளே இருந்தால் கணக்கு இன்னும் பின்னால் வரும். அண்ணி நூலில் ஒரு இழை எடுத்துக் கொளுத்திப் பார்ப்பார். பஞ்சு நூல் காகிதம்போல எரிந்து சாம்பலாகும், செயற்கை நூல் உருகி மணியாகத் திரளும். கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கு ஒன்றும் வைத்திருக்கிறார். அதைப் பிடித்தால் பிற்கால நூல்கள் வெள்ளையாக ஒளிரும், பழைய நூல் இருட்டாகவே இருக்கும். இத்தனையும் பார்த்துவிட்டு ஒரு அட்டையில் வருடத்தை எழுதுவார்.

எழுதுவது பென்சிலால். துளி சந்தேகம் இருந்தாலும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அநேகமாக எல்லா அட்டையிலும் ஒரு கேள்விக்குறி இருக்கும். எழுதியது தப்பென்று பிறகு தெரிந்தால் அழிக்கமாட்டார். அது படிக்கத் தெரியும்படி மேலே ஒரே ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதுவார். "தப்பும் ஒரு தகவல்தானே. நான் எங்க வழுக்கினேன்னு அடுத்தவங்களுக்குத் தெரியட்டும்." அவர் மேஜைமேல் கட்டைவிரல் நீளத்துக்குத் தேய்ந்த பென்சில்கள் ஏழெட்டுக் கிடக்கும். எல்லாவற்றின் பின்முனையிலும் ரப்பர், கடையில் வாங்கிய அன்றுபோல மூலை மழுங்காமல், இளஞ்சிவப்பாக இருக்கும்.

அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

செவிலியருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். இரவுப் பணி முடிந்து சீருடையோடு நேராக வந்திருந்தார். படுக்கை விரிப்பு ஒன்றில் சுற்றி, குழந்தையைக் கொண்டுவருவதுபோல இரு கையிலும் ஏந்தி வந்ததை மேஜைமேல் பிரித்தார். ஆழ்ந்த பச்சைப் பட்டு. இறுக்கமான மேல்பகுதி, இடுப்புக்குக் கீழே மணிபோல விரியும் பாவாடை. கழுத்துக்குப் பின்னால் லேபிள். இன்றைக்கும் விமான நிலையக் கடைகளில் பெயர் பார்க்கலாம், அப்படி ஒரு நிறுவனம்.

"இது எங்கம்மா தச்சது மேடம்" என்றார். "அந்தக் கம்பெனித் தையல் அறையில மூணு வருஷம் வேலை பார்த்தாங்க. அம்பத்தாறுலேருந்து அம்பத்தெட்டு முடிய. அப்புறம் கல்யாணமாகி வந்துட்டாங்க. யாரோ ஒரு பெரிய இடத்து அம்மா அளவு சரியில்லன்னு இதைத் திருப்பி அனுப்பிட்டாங்களாம். நீதானே தச்ச, நீயே வச்சுக்கோன்னு கொடுத்துட்டாங்களாம்." பட்டில் ஒரு சுருக்கத்தை நீவிவிட்டார். "வீட்டுல யாரும் நம்பல. எங்கப்பாவே நம்பல. ஏதோ பழைய துணிக்கடையில வாங்கிட்டு வந்து கதை விடறான்னு மாமா ஒருத்தர் கடைசிவரைக்கும் கேலி பண்ணுவார். அம்மா போய் எட்டு மாசம் ஆச்சு. இது எந்த வருஷம்னு மட்டும் சொல்லுங்க. அது தெரிஞ்சா போதும், அப்புறம் வித்துக்கலாம்."

அண்ணி குனிந்து பார்த்தார். கவுனின் முதுகுப்பக்கம் மேலே கிடந்தது. அதில் நைலான் ஜிப். அப்படிப்பட்ட ஜிப் அறுபதுகளின் நடுவில்தான் பரவலாக வந்தது.

"அறுபத்தஞ்சுக்கு முன்னாடி இருக்காது சிஸ்டர்" என்றார்.

ஒரு வாக்கியம், அவ்வளவுதான். செவிலியர் தலையை ஆட்டினார். மருத்துவமனையில் மற்றவர்களுக்குக் கெட்ட செய்தி சொல்லிப் பழகிய முகம். தனக்கு வரும்போதும் அதே மாதிரி அமைதியாக இருந்தது. "அப்போ சும்மாதான் சொல்லியிருக்காங்க" என்றார். "வித்துடுங்க மேடம்." அதற்கப்புறம்தான் அந்தக் குடை.

உட்புறம் வெளியே வரத் திருப்பிய கவுனை அண்ணி அன்று நெடுநேரம் மடியில் வைத்திருந்தார். தையல் ஓரங்கள் அத்தனையும் கையால் சுற்றப்பட்டிருந்தன, எறும்பு வரிசைபோல. "அறுபத்தஞ்சுல இவ்வளவு பொறுமை யாருக்கு இருந்துச்சு?" என்று முணுமுணுத்தார். பிறகு, "என்னமோ" என்று ஹேங்கரில் மாட்டினார். அட்டையில் '1965-க்குப் பின்' என்று எழுதினார். கேள்விக்குறி போடவில்லை.

திங்கட்கிழமை ஜன்னலில் வைக்க எடுத்தார். இதைப் பார்க்க நான் எந்த வேலையையும் விட்டுவிட்டு வருவேன். மற்ற கடைகளில் பொம்மைக்கு உடையை மாட்டி, தொளதொளப்பதை முதுகில் ஊசி குத்தி இழுத்துவிடுவார்கள். அண்ணி பொம்மையை உடைக்கு ஏற்றபடி மாற்றுவார். மெலிந்த ஒரு பொம்மையை எடுத்து, பஞ்சும் பழைய காலுறைகளுமாகச் சுற்றி, தோளைக் கொஞ்சம் சரித்து, ஒரு பக்க இடுப்பை ஏற்றி, மாட்டி, கழற்றி, மறுபடி சுற்றி மாட்டுவார். ("என் சாக்ஸ் ஜோடியெல்லாம் யாரோ ஒரு அம்மாவுக்கு இடுப்பாப் போயிருக்கு" என்பான் அண்ணன்.) இரண்டு மணி நேரம் கழித்து, அந்த உடையை முதன்முதலில் உடுத்தியவள் தலை மட்டும் இல்லாமல் நம் முன்னால் நிற்பாள். மூச்சு விடுவாளோ என்றிருக்கும்.

பச்சை கவுன் நிற்க மறுத்தது. எப்படிப் பஞ்சு வைத்தாலும் முதுகில் ஜிப் ஓரமாக ஒரு சுருக்கம் விழுந்தது. மூன்றாவது முறை கழற்றியபோது அண்ணியின் கை நின்றது. ஜிப்பை உள்பக்கம் ஒரு பட்டுப் பட்டை மூடியிருந்தது. அதைத் தூக்கி உருப்பெருக்கியை வைத்தார். என்னைப் பார்க்காமலே, "லைட்டை அணை. அந்த ஊதா விளக்கைக் கொண்டா" என்றார்.

கடை இருண்டது. ஊதா வெளிச்சத்தில் கவுன் முழுக்கக் கறுப்பாகக் கிடந்தது. நூறு நூறு தையல்களில் ஒன்றுகூடத் தெரியவில்லை. ஜிப்பின் இரண்டு ஓரத்தில் மட்டும் நூல் வெள்ளையாக எரிந்தது, கறுப்புக் கடலில் இரண்டு ரயில் தண்டவாளம்போல. அதற்குப் பக்கத்திலேயே, விளக்கைச் சாய்த்தபோது தெரிந்தது: ஊசி நுழைந்து போன வெறும் துளைகள், ஒரு நீள வரிசையாக. வேறொரு ஜிப் இருந்த இடம்.

அண்ணி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இந்த ஜிப் கூடவே பொறந்தது இல்ல. பின்னாடி வந்தது. பழசு பல்லு போயிருக்கும், மாத்தியிருக்காங்க." கவுனின் கழுத்துப் பக்கத்தைத் திருப்பினார். "லேபிளைப் பாரு. கடைசி எழுத்துக்கு வால் இருக்கு. அம்பத்தாறுலதான் அந்தக் கம்பெனி வாலைப் போட்டுச்சு, அம்பத்தொன்பதுல வெட்டிடுச்சு. அதை அன்னைக்கே பார்த்தேன். மிச்சமிருந்த பழைய லேபிளைத் தச்சிருப்பாங்கன்னு நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டேன். வாயைத் திறந்து ஒண்ணைச் சொல்லிட்டா அப்புறம் கண்ணு அதுக்குத்தான் சாட்சி தேடுது."

"யாருக்கும் நடக்கறதுதானே அண்ணி?"

"அட்டையில எழுதினதுக்குக் கோடு போட்டுடலாம். அந்த அம்மாகிட்ட வாயால சொன்னேனே. வாய்ல கேள்விக்குறி போட மறந்துட்டேன். நாலு நாளா அவங்க அம்மா பொய்க்காரியா இருந்திருக்காங்க. என்னால."

அந்த நான்கு நாளை எப்படித் திருப்பித் தருவது என்பதுதான் அவர் கவலை என்று புரிந்தது. நான் சுற்றிய ஊர்களில் எத்தனையோ கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் நின்றிருக்கிறேன். சின்ன எழுத்தில் வருடம் போட்டிருப்பார்கள். படித்துவிட்டு அடுத்த பெட்டிக்கு நகர்ந்துவிடுவேன். ஒவ்வொரு வருடத்துக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் இப்படித் தரையில் உட்கார்ந்திருப்பார் என்று ஒருமுறைகூடத் தோன்றியதில்லை.

அன்று முழுக்க அண்ணி கவுனை விரல் விரலாகப் படித்தார். மாலையில் கீழ்மடிப்புக்கு வந்தார். பாவாடை காற்றில் தூக்காமல் இருக்க, மடிப்புக்குள் சின்னச் சின்ன ஈயவட்டுகள் வைத்திருந்தார்கள். அவற்றில் ஒன்றின் பின்னால், யாரும் பார்க்க வாய்ப்பே இல்லாத இடத்தில், மூன்று சிவப்புத் தையல்கள். பச்சை நூலால் ஆன கவுனில் மூன்றே மூன்று சிவப்பு. மூன்றும் இடப்பக்கமாகச் சாய்ந்திருந்தன.

அண்ணி போனில் கூப்பிட, மறுநாள் செவிலியர் வந்தார். அண்ணி நாற்காலிகூடப் போடவில்லை.

"சிஸ்டர், நான் தப்பாச் சொல்லிட்டேன். இது அம்பத்தாறுக்கும் அம்பத்தெட்டுக்கும் நடுவுலதான்."

விளக்கை அணைத்துக் காட்டினார். துளைகளைக் காட்டினார். லேபிளின் வாலைக் காட்டினார். செவிலியர் ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்தார். கடைசியாகச் சிவப்புத் தையலைக் காட்டியபோது வாயைப் பொத்திக்கொண்டார்.

"அம்மா சொல்வாங்க. அங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு கலர் நூலாம். உள்ள எங்கயாவது மூணு தையல் போட்டு வைக்கணுமாம், தப்பு வந்தா யாருன்னு பிடிக்க. தப்பே வராதவ நூலை யாரு தேடப் போறான்னு சொல்லிச் சிரிப்பாங்க."

"அம்மாவுக்கு என்ன கலர்?"

செவிலியர் வெகுநேரம் யோசித்தார். "கேக்கலையே" என்றார். "கேட்டிருக்கணும். கேக்கலையே."

"தையல் சாயற பக்கத்தைப் பாருங்க. இதைத் தச்சவங்க இடதுகைக்காரங்க."

"அம்மாவும் இடதுகைதான் மேடம்! கத்தரிக்கோல்கூட அவங்களுக்குத் தனி. எங்க யாருக்கும் அதுல வெட்ட வராது."

அண்ணி பழைய வருடத்தின்மேல் ஒரு கோடு போட்டார். '1956–1958' என்று எழுதினார், கேள்விக்குறி இல்லாமல். அதற்குக் கீழே 'தைத்தவர்' என்று போட்டு, செவிலியருடைய அம்மாவின் பெயரைக் கேட்டு எழுதி, கொஞ்சம் தயங்கி, ஒரு கேள்விக்குறி போட்டார்.

செவிலியரின் முகம் மாறியது. "அதான் எல்லாம் ஒத்து வருதே. அப்புறம் எதுக்கு அது?"

"வருஷம் ஒத்து வருது. கை ஒத்து வருது. அந்த அறையில இடதுகைக்காரங்க ஒருத்தர்தான் இருந்தாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? சிவப்பு அவங்களோடதுன்னு எப்படித் தெரியும்?"

"எங்கம்மா சொன்னாங்களே, பத்தாதா? கடைசியில நீங்களும் அவங்களைத்தான் சந்தேகப்படறீங்க."

"அவங்களை இல்ல சிஸ்டர், என்னைத்தான். போன வாரம் ஒரு தடவை அது இல்லாம பேசினேன். என்ன ஆச்சுன்னு நீங்களே பார்த்தீங்க."

செவிலியர் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு நின்றார். அண்ணி தணிந்த குரலில், "இதை இப்ப விக்கணுமான்னு யோசிங்க. எடுத்துட்டுப் போறதுன்னாலும் சரி" என்றார்.

"என்கிட்ட இருந்தா பெட்டிக்குள்ளதான் கிடக்கும். எனக்கு ஒரு தோள்கூட நுழையாது." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வித்துடுங்க. ஆனா மேலோட்டமாப் பார்த்துட்டு அழகா இருக்குங்கறவங்களுக்குக் கொடுக்காதீங்க. உள்ள பார்க்கறவங்களுக்குக் கொடுங்க."

அந்த வாரம் அண்ணி செய்ததை அந்தத் தெருவே நின்று பார்த்தது. கவுனை உட்புறம் வெளியே தெரியத் திருப்பி, அப்படியே ஜன்னலில் நிறுத்தினார். பளபளக்கும் பச்சை எல்லாம் உள்ளே போய்விட்டது. வெளியே தெரிந்தது எலும்புக்கூடுபோல வளைந்த பட்டைகள், கையால் சுற்றிய ஆயிரம் ஓரங்கள், லைனிங்கின் மடிப்புகள், அடியில் வரிசையாக ஈயவட்டுகள், ஒன்றை மட்டும் விலக்கிவைத்த இடத்தில் அந்த மூன்று சிவப்பு. ஒரு சின்ன விளக்கு கீழிருந்து மேல்நோக்கி. அண்ணி கடையைப் பூட்டிவிட்டு நடைபாதையில் நின்று பார்க்க, நானும் நின்றேன். ஒரு கட்டடத்தின் சுவரை நீக்கிவிட்டு அது எப்படி நிற்கிறது என்று காட்டியதுபோல இருந்தது. பேச வாய் வரவில்லை.

மற்றவர்களுக்கு வந்தது. "உள்வெளியா மாட்டியிருக்கீங்க" என்று தினமும் நாலு பேர் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போனார்கள். சாவிக்கடைக்காரர் இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள், "தங்கச்சி, வியாபாரத்துல மனக்கஷ்டமா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. நீங்க சாவியைக் காட்டுறீங்க, நான் பூட்டைத் திறந்து காட்டுறேன்."

"அப்படியா?" என்றவர் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் அவர் கடைக்குத் திரும்பவில்லை.

பத்தாவது நாள் ஒரு தையல் கல்லூரி ஆசிரியை வந்தார். ஜன்னலுக்குள் ஏறி, மண்டியிட்டு, ஒவ்வொரு தையலாகப் பார்த்தார். மாணவிகளுக்குக் காட்ட வேண்டும், இப்படித் திருப்பியே நிறுத்தி வைப்பேன் என்றார். அட்டையைப் படித்துவிட்டு, "இந்தக் கேள்விக்குறியை மட்டும் எடுத்துடுங்க. தையல்காரியோட பொண்ணே வந்து சொன்ன கதை, கேக்க நல்லா இருக்கு. நிர்வாகத்துலயும் உடனே ஒத்துக்குவாங்க" என்றார்.

"கதை நல்லாத்தான் இருக்கு. அதான் எனக்குப் பயம்" என்றார் அண்ணி.

ஆசிரியை போய்விட்டார். நான் பொறுக்காமல், "இத்தனூண்டு குறிக்காக நல்ல இடத்தை விடறீங்களே அண்ணி!" என்றேன். அவர் அன்று மழையில் நின்று டீ குடித்தார், இரண்டு கோப்பை. மூன்று வாரம் ஜன்னலில் நின்ற கவுனை அதே ஆசிரியை வந்து எடுத்துக்கொண்டார், கேள்விக்குறியோடு. அட்டையின் நகல் ஒன்று அண்ணியின் பிஸ்கட் டப்பாவில் தங்கியது. எல்லா அட்டைகளுக்கும் அவர் அப்படிப் பென்சிலால் ஒரு நகல் எழுதி வைத்துக்கொள்வார்.

பதினொரு மாதம் போயிற்று. இடையில் நான் இரண்டு முறை கிளம்பி, இரண்டு முறையும் திரும்பி வந்துவிட்டேன். முதுகுப்பை இப்போது கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை மதியம் அண்ணியின் கைபேசி ஒலித்தது. கை ஒரு கவுனுக்குள் இருந்ததால், "யாருன்னு பாரு" என்றார். செவிலியர். கவுன் விற்றபின் அவரிடமிருந்து வரும் முதல் செய்தி. வாசித்தேன்:

"மேடம், வீடு மாத்தறோம். பரண்ல ஒரு மூட்டை கிடைச்சது. நான் ஒண்ணாங்கிளாஸ்ல போட்ட ஸ்கூல் கவுன் அதுல இருந்தது, அம்மா தச்சது. உங்களை மாதிரி முதல்ல உள்பக்கம் திருப்பினேன். கீழ்மடிப்பைப் பிரிச்சுப் பார்த்தேன். படம் அனுப்பியிருக்கேன்."

படத்தில் வெளுத்துப்போன நீலத் துணி. பிரித்த மடிப்புக்குள், ஒரு குழந்தையின் முழங்காலுக்குக் கீழே யாரும் ஒருநாளும் பார்த்திருக்க முடியாத இடத்தில், மூன்று சிவப்புத் தையல்கள். மூன்றும் இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

அண்ணி கவுனிலிருந்து கையை எடுத்தார். கைபேசியை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கி, அதன்மேல் உருப்பெருக்கியையும் வைத்துப் பார்த்தார். எண்ணினார். மறுபடி எண்ணினார். பிஸ்கட் டப்பாவைத் திறந்து அந்த அட்டையைத் தேடி எடுத்து, மேஜைமேல் வைத்து, ஓரம் சரிசெய்தார். தேய்ந்த பென்சில்களில் ஒன்றை எடுத்தார். கோடு போடப்போகிறார் என்று நினைத்தேன்.

பென்சிலைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார். அந்த இளஞ்சிவப்பு ரப்பரைக் கேள்விக்குறியின்மேல் வைத்து, அட்டைக்கு வலிக்குமோ என்பதுபோல, மெல்லத் தேய்க்க ஆரம்பித்தார்.